பக்கத்துத் தட்டுக்குப் போன கை

போன ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோரு பேர் எழுந்து நின்று எனக்குக் கைதட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வங்காளி மாணவன் ஒருவன் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

அப்படி என்ன சாதித்தேன்? தேர்தலில் தோற்றேன். அவ்வளவுதான்.

தோற்றவளுக்கு எதற்குக் கைதட்டல் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும்தான் அதற்குப் பதில் தெரியும். இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்கலாம்தான்... பத்திரிகையில் எழுதிவிட்டு அப்படிக் கேட்டால் சிரிப்பீர்கள்.

நாற்பத்து நாலு வயதில் நான் மறுபடி கல்லூரிக்குப் போகிற கதை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்திலேயே பலமுறை புலம்பியிருக்கிறேன். யாங்கோன் நகரின் நடுவே ஒரு தனியார் கல்லூரி. மாலை நேர மொழிபெயர்ப்பு டிப்ளமோ. இன்சீனில் வட்ட ரயில் ஏறி, ஆடி அசைந்து போய்ச் சேர்வதற்குள் பாதி வீட்டுப்பாடம் ரயிலிலேயே முடிந்துவிடும்.

நான் இதுவரை சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கல்லூரியில் தெற்காசிய மாணவர் கலாசார மன்றம் என்று ஒன்று இருக்கிறது. தமிழர், தெலுங்கர், வங்காளிகள், குஜராத்திகள், பஞ்சாபிகள், கூர்க்காக்கள்... மொத்தம் முப்பத்து மூன்று பேர். தீபாவளி, ஈத், ஹோலி எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒரே ஒரு பெரிய விழா. அந்த விழாவில் விளக்கேற்றுவது மன்றத் தலைவர். தன் தாய்மொழியில் முதல் பேச்சுப் பேசுவதும் தலைவர்தான். பிறகு எல்லோருக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு போட்டோ. அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டுவார்கள்.

தினமும் அந்தப் படியில்தான் ஏறுகிறேன். தினமும் அந்தச் சுவரைப் பார்க்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நடு நாற்காலி எனக்கு வேண்டும் என்று இருந்தது. சாதாரணமாக இல்லை, சின்னப் பிள்ளைக்குப் பொம்மை வேண்டும் என்பதுபோல். இருபது வயதில் படித்தபோதும் இப்படி ஒரு சங்கத்தில் இருந்தேன். மேடைத் திரை தைத்தது நான். தலைவர் பேசிய பேச்சை எழுதியது நான். போட்டோ எடுத்தபோது, “மல்லிகா, நீ கொஞ்சம் விளக்கைப் பிடி” என்றார்கள். பிடித்தேன். போட்டோவில் விளக்கு வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. நான்தான் இல்லை.

அதனால் இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே விழாவுக்கான தமிழ்ப் பேச்சை எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். ரவிக்கை கூடத் தைக்கக் கொடுத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும்... யாஸ்மின் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

யாஸ்மினுக்கு இருபத்தோரு வயது. நகரத்துக்கு வெளியே தொலைவில் இருக்கும் கியாக்தானிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். ஆற்று நடுவே தீவில் இருக்கும் பகோடாவுக்குப் படகு ஏறுகிற துறையில், மீனுக்குப் போடும் பொரி விற்கிற சின்னக் கடை அவள் வாப்பாவுடையது. வகுப்பில் என் பக்கத்து சீட். முதல் நாள் என்னை “ஆன்ட்டி” என்றாள். நான் பார்த்த பார்வையில் அடுத்த நிமிடமே “அக்கா” ஆக்கிவிட்டாள். மற்றவர்களுக்கு நான் இன்றுவரை ‘டோ மல்லிகா’தான். பெரியவர்களுக்குப் போடும் மரியாதை அது. அவளோ எல்லோருக்கும் ‘மா யாஸ்மின்’, இளம் பெண்களை அழைப்பது அப்படி. மரியாதையைக் கொடுத்து நம்மை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட முடியும் என்பது அந்த ‘டோ’வில்தான் எனக்குப் புரிந்தது.

இந்தப் பெண்ணைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எதைப் பார்த்து என்று கேட்டால் எங்கே ஆரம்பிப்பது?

கரண்ட் போனால் நான் டார்ச்சைத் தேடுவேன். அவள் கையைத் தட்டிப் பாட ஆரம்பிப்பாள். கரண்ட் வந்த பிறகும் யாரும் பாட்டை நிறுத்த மாட்டார்கள். கூர்க்கா மாணவன் ஒருவனின் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் விட்டதா என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். எனக்கும் கேட்கத் தோன்றியது – அவள் கேட்டு முடித்த பிறகு.

தமிழ் விஷயம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அவளும் தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பேச்சில் பாதி பர்மியம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘சரியா’ என்கிற அர்த்தத்தில் பர்மியர்கள் சொல்லும் அந்த ‘நோ’ வந்து ஒட்டிக்கொள்ளும். “அக்கா, நாளைக்கு மழ வரும் நோ. கொட எடுத்துட்டு வாங்க நோ.” இதைக் கேட்டு எல்லோரும் “எவ்வளவு அழகு!” என்பார்கள். நான் வாரா வாரம் தமிழில் பத்தி எழுதுகிறவள். இலக்கணப் பிழை இல்லாமல் பேசுவேன். என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் தெரியுமா? “டோ மல்லிகா ஒரு அகராதி.”

அகராதிக்கு யாராவது ஓட்டுப் போடுவார்களா?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் அவர். எதையும் ஸ்பேனரால் முடுக்கிவிடலாம் என்று நம்புகிற மனிதர்.

“அந்தப் புள்ளைக்கு நம்ம பொண்ணு வயசு இருக்குமாடி?”

“நம்ம பொண்ணவிட ரெண்டு வயசு சின்னவ.”

“அதுகிட்ட போயி போட்டியா? வெக்கமா இல்ல ஒனக்கு?”

“இருக்கு. அதுக்காக விட்டுக் குடுக்க முடியுமா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். என்னிடம் முடுக்குவதற்கு நட்டு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இவ்வளவு எரிச்சலுக்கு நடுவிலும் தினமும் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. மாலை இடைவேளையில் யாஸ்மின் தன் டிபன் டப்பாவைத் திறப்பாள். உள்ளே லபெட். உங்களில் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தேயிலைக் கொழுந்தை ஊறவைத்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து, வறுத்த பூண்டு, பருப்பு, நிலக்கடலை, எள், காய்ந்த இறால் எல்லாம் சேர்த்துச் சாப்பிடுவது. தேயிலையைத் தின்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். ஒருமுறை தின்றால் விடமாட்டீர்கள். அவள் உம்மா பூண்டு வறுக்கிற பதம் எனக்கு இன்றுவரை வரவில்லை. பொன்னிறத்தில், வாயில் போட்டால் ‘கருக்’ என்று உடையும்.

டப்பா மூடியில் கொஞ்சம் கொட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைப்பாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் கையை நீட்டி, விரலால் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். எட்டு மாதமாக இதுதான் வழக்கம். அவளைப் பார்த்து வயிறு எரிந்தபடியே அவள் லபெட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

இப்போது தேர்தலுக்கு வருகிறேன். எங்கள் மன்றத்தில் சீட்டு கிடையாது, பெட்டி கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. லபெட்தான் ஓட்டு!

இந்த ஊரில் லபெட் என்பது வெறும் தின்பண்டம் இல்லை. கல்யாணத்துக்கு அழைக்க வேண்டுமா, லபெட் கொடுப்பார்கள். எடுத்துக்கொண்டால் வருகிறேன் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் இரண்டு பேர் வழக்காடினால், தீர்ப்பு ஆனதும் இரண்டு பேரும் ஒரே தட்டில் லபெட் தின்ன வேண்டுமாம். தின்றுவிட்டால் சண்டை முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. இதையே எங்கள் மன்றத்தை யாரோ ஆரம்பித்தபோது தேர்தலுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

முறை எளிது. போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு லபெட் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ஸ்பூன். யாரை ஆதரிக்கிறாரோ அவர் தட்டில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டின் பக்கத்தில் இருக்கும் டம்ளரில் ஸ்பூனைப் போட்டுவிட வேண்டும். கடைசியாகப் போட்டியாளர்கள். அவர்கள் வழக்கமாகத் தங்கள் தட்டிலேயே ஒரு ஸ்பூன் சாப்பிடுவார்கள். எந்த டம்ளரில் ஸ்பூன் அதிகமோ அவர் தலைவர். ஒருமுறை வாயில் போட்டால் போட்டதுதான். துப்பிவிட்டு மாற்றிப் போட யாரும் துணிய மாட்டார்கள்.

போட்டியில் நாங்கள் இருவர் மட்டும். நான், யாஸ்மின்.

பிரசாரம் செய்தேனா? செய்தேன். குஜராத்திப் பெண்களை டீக்கடைக்கு அழைத்துப்போனேன். வங்காளி மாணவனுக்கு வீட்டுப்பாடம் திருத்திக் கொடுத்தேன். இதெல்லாம் ஊர் உலகத்தில் நடப்பதுதான். ஆனால் ஒன்று செய்தேன்... அதை எழுதக் கை கூசுகிறது.

“யாஸ்மின் தங்கமான பொண்ணு,” என்று நாலு பேரிடம் சொன்னேன். “ஆனா பாவம், கியாக்தான்லேருந்து பஸ். மழைக்காலத்துல எப்ப வந்து சேருவாளோ, அவளுக்கே தெரியாது. கூட்டம் நடத்தணும், ஒத்திகை பாக்கணும்... அந்தப் புள்ள தாங்குமா?”

அக்கறை சொட்டச் சொட்டச் சொன்னேன். பொறாமை நேராக வந்து நின்றால் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிடும். அக்கறை என்று சொல்லிக்கொண்டு வந்தால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். எட்டு மாதத்தில் அவள் ஒருநாள் கூட வகுப்புக்குத் தாமதமாக வந்ததில்லை. ரயிலைக் காரணம் சொல்லித் தாமதமாக வந்தவள் நான்தான். இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. கூடத்தில் கரண்ட் இல்லை. ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு எல்லோரும் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் புது அரக்குக் கிண்ணத்தில் லபெட் கொண்டுபோயிருந்தேன். பூண்டு, இறால் சேராத குஜராத்திகளுக்காக ஓரமாகத் தனியாக ஒரு குவியல் வேறு. என்ன மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் யாஸ்மின் தட்டிலும் அதே தனிக் குவியல். போதாததற்கு கூர்க்காக்களுக்கென்று பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கிப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவளுடையது சாதாரண எவர்சில்வர் தட்டு. என் அரக்குக் கிண்ணம் அதற்குப் பக்கத்தில் கல்யாணத்துக்குக் கிளம்பிப் பாதி வழியில் நிற்பதுபோல் இருந்தது.

மன்றப் பொறுப்பாசிரியை வந்தார். ஆசிரியை என்பதால் நாங்கள் அவரை ‘ஸயாமா’ என்போம். வரிசை ஆரம்பித்தது. நானும் யாஸ்மினும் மேசைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வகுப்பில் உட்காருகிற அதே மாதிரி. அவள் எனக்கு இடது பக்கம்.

ஒவ்வொரு ஸ்பூன் டம்ளரில் விழும்போதும் ‘டிங்’ என்று சத்தம். அவள் டம்ளரில் ‘டிங்’ என்றால் என் நெஞ்சில் யாரோ தட்டுவதுபோல் இருந்தது. பஞ்சாபிகள் மொத்தமாக அவள் பக்கம் போனார்கள். குஜராத்திப் பெண்கள் என் பக்கம். டீ வீண்போகவில்லை. பிறகு நான் பஸ் கதை சொன்ன அந்த நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் யாஸ்மினைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு என் கிண்ணத்தில் எடுத்தார்கள்.

காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அவ்வளவு படபடப்பு.

ஸயாமா ஸ்பூன்களை எண்ணினார். “மா யாஸ்மின், பதினைந்து. டோ மல்லிகா, பதினாறு.”

பதினாறு!

இனி நாங்கள் இரண்டு பேர்தான் பாக்கி. அவள் அவள் தட்டில் எடுத்தால் பதினாறு. நான் என் கிண்ணத்தில் எடுத்தால் பதினேழு. முடிந்தது கதை. ஸயாமா எங்களைப் பார்த்து, போட்டியாளர்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார். முதலில் யாஸ்மின் பேச ஆரம்பித்தாள்.

என்ன பேசினாள்? எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. மாடிப்படிச் சுவரில் இருந்தேன். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் புடவையா, அரக்குப் புடவையா? முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதா, அப்படியே விட்டுவிடுவதா? கண்ணாடி போட்டால் வெளிச்சம் பட்டுப் பளபளக்குமே, கழற்றிவிடலாமா? இப்படியே யோசித்துக்கொண்டு நின்றேன். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

கை தன்பாட்டுக்கு இடது பக்கம் போனது.

விரல் ஒரு சிட்டிகை எடுத்தது. வாயில் போட்டது. ‘கருக்’ என்றது பூண்டு.

அந்தச் சத்தத்தில்தான் நான் சுவரிலிருந்து இறங்கி வந்தேன். பொன்னிறப் பூண்டு. இந்தப் பதம் என் கிண்ணத்தில் கிடையாதே...

யாஸ்மின் பேச்சைப் பாதியில் நிறுத்தியிருந்தாள். ஸயாமா வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார். நான் மென்றதைப் பாதியில் நிறுத்தினேன். கையும் களவுமாக என்பார்களே, வாயும் களவுமாக நின்றேன்.

பிறகு எங்கோ பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். அடுத்து இன்னொருவர். அப்புறம் மொத்தக் கூடமும் எழுந்தது.

புரிகிறதா? ஜெயிக்கப்போகிற நேரத்தில் நான் என் ஓட்டைப் போட்டியாளருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனாம்! சின்னப் பெண்ணுக்கு வழிவிட்டேனாம்! ஸயாமா கண்ணைத் துடைத்தபடி மேசைக்கு வந்தார். “இதுதான் பெரிய மனசு! எல்லாரும் பாத்துக்கங்க,” என்று பர்மியத்தில் சொல்லிக்கொண்டே, எனக்காக வைத்திருந்த ஸ்பூனை எடுத்து யாஸ்மின் டம்ளரில் தன் கையாலேயே போட்டார்.

டிங்.

பதினாறு, பதினாறு.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “ஐயோ ஸயாமா, தெரியாம எடுத்துட்டேன். நான் ஜெயிக்கணும். எனக்கு அந்த நாற்காலி வேணும்.” அவ்வளவுதான். உண்மை அதுதானே? விரலால் எடுத்தேன், ஸ்பூனால் எடுக்கவில்லை, இது செல்லாது என்று சட்டம் கூடப் பேசியிருக்கலாம். முப்பத்தோரு பேர் நின்றுகொண்டு கைதட்டும்போது அதைச் சொல்ல எந்த வாயால் முடியும்? என் வாயில் பூண்டு இருந்தது. சிரித்தேன். கையைக் கூப்பினேன். ஆமாம், வெட்கமில்லாமல் கும்பிட்டேன்.

உண்மை தெரிந்தவள் ஒருத்திதான். எட்டு மாதமாக அந்தக் கை இடது பக்கம் வருவதைப் பார்த்தவள். யாஸ்மின் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அது தவறிப் போன கை என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

இன்னும் அவள் ஸ்பூன் பாக்கி இருந்தது. அவள் என் கிண்ணத்தில் எடுத்தால் நான் தலைவி. அவள் தட்டில் எடுத்தால் அவள். ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ‘நல்ல பொண்ணுதானே நீ? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க? எடு, என் கிண்ணத்துல எடு’ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டில் ஒரு ஸ்பூன் எடுத்தாள்.

டிங். பதினேழு.

அப்புறம் நடந்ததெல்லாம் கெட்ட கனவு மாதிரி. வங்காளி மாணவன் காலில் விழுந்தான், மற்றவர்கள் கையைக் குலுக்கினார்கள், தோளில் சால்வை போட்டார்கள். யாரோ எடுத்த வீடியோ நான் வீடு வந்து சேர்வதற்குள் வைபர் குழுக்களில் போன் போனாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் அதைப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீயா விட்டுக் குடுத்தே?”

“ஏன், விட்டுக் குடுக்க மாட்டேனா?”

“இந்த ஜென்மத்துல மாட்டே,” என்றார். “பராக்குப் பாத்துக்கிட்டுத் தின்னுட்ட. வீட்லயும் இப்படித்தானே, என் தட்டுல இருக்கற அப்பளத்த எடுக்கறவ?”

இருபத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனிதரிடம் பெருந்தன்மை வேஷம் எடுபடாது. அன்று முழுக்க நான் யாஸ்மினைத் திட்டித் தீர்த்தேன். துரோகி! தெரிந்தே எடுத்துக்கொண்டாளே! ஒரு வார்த்தை சொன்னாளா? “நீ சொன்னியா?” என்று அவர் கேட்டார்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போக மனசே இல்லை. போகாவிட்டால் தோற்றதில் வருத்தம் என்று தெரிந்துவிடுமே... போனேன். படியில் ஏறும்போது சுவரைப் பார்க்கவில்லை. யாஸ்மின் வழக்கம்போல் என் இடது பக்கம். “வணக்கம், தலைவி அவர்களே,” என்றேன். அந்த ‘அவர்களே’யில் எவ்வளவு விஷம் வைக்க முடியுமோ அவ்வளவும் வைத்தேன். அவளுக்கு இருக்கிற தமிழுக்கு அது உறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இடைவேளை வந்தது. அவள் டப்பாவைத் திறக்கவில்லை. நான் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா,” என்றாள். “நீங்க தெரியாமதான் எடுத்தீங்க. எனக்குத் தெரியும்.”

நான் நிமிரவில்லை.

“நான் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்திச்சு. ஆனா... எனக்கும் வேணும் அக்கா. ரொம்ப வேணும். நீங்க பேசுனா எல்லாரும் நோட்டு எடுத்து எழுதுறாங்க. நான் பேசுனா சிரிக்கறாங்க. அழகா இருக்குன்னு சிரிக்கறாங்க. ஒரு தடவ மேல நின்னு பேசணும், யாரும் சிரிக்காம கேக்கணும். அவ்வளவுதான்.”

என்ன சொல்கிறாள் இவள்? என்னைப் பார்த்து இவளுக்குப் பொறாமையா? அகராதியைப் பார்த்தா? எட்டு மாதமாக ஒரே மூடியில் கையை வைத்துக்கொண்டு, நான் அவளைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன், அவள் என்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள். பொறாமை தூரத்தில் இருப்பவர்கள் மேல் வருவதில்லை. அரண்மனையில் இருப்பவரைப் பார்த்து யாருக்கு வயிறு எரிகிறது? பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்த்துத்தான் எரிகிறது.

“அந்த மேடைல தமிழ்லதான் பேசணும்,” என்றாள். “நீங்க ஒரு பேச்சு எழுதி வச்சிருக்கீங்க இல்ல? ஹேண்ட்பேக்லேருந்து எடுத்து எடுத்துப் படிப்பீங்களே. பர்மா எழுத்துல எழுதிக் குடுப்பீங்களா?”

பாருங்கள்... மறுபடியும் பேச்சு எழுதுகிற வேலை! இருபது வயதில் பிடித்த விளக்கு திரும்பவும் என் கைக்கே வருகிறது. “பாக்கலாம்,” என்றேன். இப்படி ஒரு வறண்ட ‘பாக்கலாம்’ என் வாயிலிருந்து அதற்கு முன்பு வந்ததில்லை.

அவள் தலையாட்டினாள். பிறகு சர்வ சாதாரணமாகச் சொன்னாள்:

“பஸ் விஷயம் நீங்க சொன்னது எனக்கு முன்னாடியே தெரியும் அக்கா. அதுல ஒருத்தங்க அன்னிக்கே வந்து சொல்லிட்டாங்க.”

அப்படியானால் தேர்தல் காலையில் தெரிந்தேதான் என் பக்கத்தில் நின்றாளா? தெரிந்த பிறகும் அத்தனை நாள் மூடியில் கொட்டி நடுவில் வைத்தாளா? எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நோட்டில் ஒரே வரியை மூன்று தடவை படித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும்.

“தப்புதான் யாஸ்மின்,” என்றேன் கடைசியில். “பொறாமைல சொன்னேன்.”

‘பொறாமை’ என்ற சொல் அவளுக்குத் தெரியாது. பர்மியத்தில் சொன்னேன். “ஓ, அதா!” என்று சிரித்தாள். ஏதோ ரொம்ப நாள் பழகிய ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் சிரித்தாள்.

டப்பாவைத் திறந்தாள். மூடியில் கொட்டினாள். எங்கள் நடுவில் வைத்தாள்.

“நீங்க பஸ்ஸப் பத்தி சொன்னீங்க. நான் சொல்ல வேண்டியத சொல்லாம இருந்துட்டேன். சரியாப் போச்சு நோ?” அவள் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டாள். மூடியை என் பக்கம் நகர்த்தினாள். “இப்ப நீங்க எடுங்க அக்கா. பயப்படாதீங்க, இது ஓட்டு இல்ல.”

இந்த முறை பார்த்துத்தான் எடுத்தேன். அதே பூண்டு, அதே பதம்... அதற்கும் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.